ஹெல்மெட் சார்

ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் விடாமல் எழுதப்போகிறேன். நமக்குச் சாதகமானதை எழுதி மற்றதை விழுங்கிவிடும் வேலை இந்தக் கடிதத்தில் இருக்காது.

வழக்கமாக 'இங்கே எல்லோரும் சௌக்கியம்' என்று தொடங்குவேன். இந்த முறை அப்படித் தொடங்க முடியவில்லை. நான் சௌக்கியம். அம்மாவுக்குத் தலைவலி. அப்பா வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டாவது தடவைதான் காதில் விழுகிறது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தைக்கு இரத்த அழுத்தம் குறைந்ததா?

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் சைட்டில் போர்ட்டிகோ கூரை விழுந்துவிட்டது. அப்பாவும் ஆட்களும் அடியில் நின்ற முட்டுக் கம்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையை எடுத்தபோது மேலே ஒரு சத்தம் கேட்டதாம். எல்லோரும் ஓடிவிட்டார்கள். கம்பி கட்டும் அண்ணன் மட்டும் குனிந்து, கம்பி முறுக்கும் தன் கொறட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கால்கள் இரண்டும் அடியில் மாட்டிக்கொண்டன. உயிர் இருக்கிறது.

காவல் நிலையத்தில் அப்பாவை ஓர் இரவு உட்கார வைத்துவிட்டு ஜாமீனில் அனுப்பினார்கள். அவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. 'பேசினா காத்தோட போயிடும், எழுது' என்று ஐந்தாம் வகுப்பில் நீங்கள்தானே இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தீர்கள்? அதனால் எழுதுகிறேன்.

நான் நேரில் கேட்டதை மட்டும் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா போனில் பேசினார். "கான்கிரீட் இன்னும் இறுகல சார். நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார்." வீட்டில் உங்களை 'மச்சான்' என்பார், வேலை விஷயம் என்றால் 'சார்'. அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "சரிங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "முட்டெல்லாம் அடுத்த சைட்டுக்கு வேணுமாம்" என்றார். எதிர்முனையில் என்ன பேசினீர்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை.

காவல் நிலையத்தில் அப்பா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "ஏன் வாயைத் தச்சு வச்சுக்கிட்டீங்க?" என்று அம்மா கேட்டாள். "மச்சான் வருவார். வந்து அவரே சொல்லட்டும்" என்றார் அப்பா.

சைட் வாசலில் இருக்கும் பலகையில் 'உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்' என்று உங்கள் பெயர்தான் இருக்கிறது. வாருங்கள் மாமா.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும் மருமகள்.


ஜூன் 25

என் வக்கீலம்மாவுக்கு மாமா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கையெழுத்து முன்பைவிட அழகாகியிருக்கிறது. புள்ளிகள்தான் ஓடி ஓடி விழுகின்றன, நிதானமாக எழுது. மூட்டுவலி மழைக்குக் கூடுகிறது, வெயிலுக்குக் குறைகிறது. என்னைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. அத்தை சௌக்கியம்.

விஷயம் கேட்டு மனசு சரியில்லை. தொழில் என்றால் இப்படியும் சில நாள் வரும். நீ இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம். அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல். இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்காது, ஒருத்தராவது கரையில் நிற்க வேண்டும். அவருக்குப் புரியும்.

வரத்தான் நினைத்தேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. நீ ஆசைப்பட்ட பெரிய அகராதியை வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நன்றாகப் படி.

மாமா.


ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அம்மாவுக்குத் தலைவலி தேவலை. கோபம்தான் கூடியிருக்கிறது.

தண்ணீர், கரை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். அம்மாதான் பதில் சொன்னாள். "கரையில நிக்கிறவரு கயிறாவது தூக்கிப் போடணும்ல? கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்க எதுக்குக் கரை?" எழுதாதே என்று பிறகு சொன்னாள். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்பிக்கார அண்ணனுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னொன்று பிழைக்கும் என்கிறார்கள். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து எங்களுக்கு இடம் விட்டார். அண்ணன் என்னைப் பார்த்ததும், "வாம்மா, நடமாடும் நூலகமே!" என்றார். பிறகு, "ஹெல்மெட் சார் எப்படி இருக்காரு? லீவு போடாம வர்றாரா?" என்று கேட்டார்.

அது உங்களுக்குத் தெரியாது அல்லவா? சொல்கிறேன். அஸ்திவாரம் தோண்டிய அன்று நீங்கள் வந்து, சிவப்பு எழுத்தில் பெயர் போட்ட உங்கள் வெள்ளை ஹெல்மெட்டை ஷெட்டில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனீர்கள். 'இது இங்கேயே இருக்கட்டும்' என்றீர்கள். அன்றிலிருந்து அதற்கு 'ஹெல்மெட் சார்' என்று பெயர். கம்பிக்கார அண்ணன் தினமும் காலையில் அதற்கு ஒரு சல்யூட் அடித்து, "வணக்கம் சார்!" என்பார். சில நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "சாருக்கு இன்னைக்கு மூட் சரியில்ல, யாரும் சம்பளம் கேக்காதீங்க" என்பார். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்காக ஷெட்டில் காத்திருக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சிரிப்பு வரவில்லை. "தினமும் அவருக்கு வணக்கம் வச்சவன் நான் ஒருத்தன்தான். அந்த மரியாதைக்காச்சும் ஒரு நாள் வந்திருக்கலாம்" என்றார் அண்ணன்.

நடந்தபடியே எழுதுகிறேன் என்றேனே, அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். கட்டட ஆய்வாளர் வந்தபோதெல்லாம் ஷெட் வாசலில் நின்று, "ஒப்பந்ததாரர் எங்கே?" என்பார். அப்பா, "இப்பத்தான் வெளிய போனார். ஹெல்மெட் இருக்கு பாருங்க" என்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்.

நூலகத்தில் கட்டட விதிகள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உரிமம் வைத்திருப்பவர் வேலை நடக்கும் இடத்தில் தானே மேற்பார்வை செய்ய வேண்டும், அல்லது தகுதியுள்ள ஒருவரை எழுத்து மூலம் நியமிக்க வேண்டும், தவறினால் அதனால் வரும் தீங்குக்கு அவரே பொறுப்பு என்று இருக்கிறது. அப்பாவை நீங்கள் எழுத்து மூலம் நியமிக்கவில்லை. அப்படியானால் மேற்பார்வை செய்தது யார்?

என் கேள்வி அது ஒன்றுதான். அகராதிக்கு நன்றி. பதில் வரட்டும், அகராதி மெதுவாக வந்தால் போதும்.

உங்கள் மருமகள்.


ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், பதில் இல்லையே. தபால் தொலைந்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். "தொலைஞ்சது தபால் இல்ல" என்றாள் அம்மா.

இன்று எங்களுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல் வீட்டுக்கு வந்தார். உரிம வாரியம் விளக்கம் கேட்டதற்கு நீங்கள் கொடுத்த பதிலின் நகலை வாசித்துக் காட்டினார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'உரிமதாரர் அடிக்கடி பணியிடத்துக்கு நேரில் வந்து, தமது பெயர் பொறித்த தலைக்கவசம் அணிந்து மேற்பார்வையிட்டு வந்தார். அத்தலைக்கவசம் இன்றும் பணியிடக் கொட்டகையில் உள்ளது. மேஸ்திரி தன்னிச்சையாக முட்டுகளை அகற்றினார்.'

அப்பா என்னிடம், "தன்னிச்சையாகன்னா என்ன கண்ணு?" என்று கேட்டார். யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குச் செய்வது என்றேன். அப்பா சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். "உங்க மாமாகிட்ட வேலை பார்த்த இத்தனை வருஷத்துல என் இஷ்டத்துக்கு ஒரு டீ குடிச்சதில்ல" என்றார்.

இது இப்படியே நின்றால் அப்பா மட்டும்தான் குற்றவாளி. சிறைக்குப் போவார், மேஸ்திரி வேலையும் இனி கிடைக்காது என்றார் வக்கீல். நீங்கள் போனில் பேசினீர்கள் என்பது அழைப்புப் பட்டியலில் இருக்கிறதாம், ஆனால் என்ன பேசினீர்கள் என்பதற்குச் சாட்சி இல்லையாம்.

மாமா, நீங்கள் அந்த ஹெல்மெட்டை அணிந்தது எப்போது? தாடைப் பட்டையைப் பிடித்து நீங்கள் மாட்டிவிட்டுப் போனதால் அது கவிழாமல், நிமிர்த்திய கிண்ணம்போல் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளிலேயே ஒரு குருவி ஜோடி ஜன்னல் வழியாக வந்து அதற்குள் கூடு கட்டிவிட்டது. முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது. அதற்குத் தொந்தரவு இல்லாமல் ஆட்கள் சிமென்ட் மூட்டையைக்கூட மறு மூலைக்கு மாற்றினார்கள். "சாரைச் சும்மா சொல்லக் கூடாது, மண்டைக்குள்ள ஒரு குடும்பமே நடத்துறாரு" என்பார் கம்பிக்கார அண்ணன். நீங்கள் அணிந்து மேற்பார்வையிட்டபோது குஞ்சுகள் எங்கே இருந்தன?

அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நீங்கள் வந்து சொல்வீர்கள் என்று இனி காத்திருக்க மாட்டார். "நான் செஞ்சதைச் சொல்லுவேன். அவர் செய்யாததையும் சொல்லுவேன்" என்றார்.

நீங்களே அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மருமகள்.


ஆகஸ்ட் 24

வக்கீலம்மாவுக்கு,

நலம். நலம்தானே? வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. குருவிக் கூடு விஷயம் படித்து அத்தையும் நானும் சிரித்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறதா? ஷெட் பூட்டித்தானே இருக்கிறது? சாவி யாரிடம்?

மாமா.


ஆகஸ்ட் 28

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே சௌக்கியம். உங்களிடமிருந்து இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே இல்லை. அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கேட்டதற்குச் சொல்கிறேன். குஞ்சுகள் பறந்துவிட்டன. கூடு அப்படியே இருக்கிறது. ஹெல்மெட்டும் அதே ஆணியில், கதவுக்கு எதிர்ச் சுவரில். ஷெட் பூட்டியிருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வைக்கோல் துணுக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இதை எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கேட்ட கேள்விக்கு மறைத்துப் பதில் சொன்னால் உங்களிடம் உண்மை கேட்க எனக்கு வாய் இருக்காது. நீங்கள் வெட்கப்பட்டுத்தான் விசாரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மருமகள்.


செப்டம்பர் 22

மாமாவுக்கு,

அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது?

வாரிய அதிகாரிகள் நேற்று சைட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தார்கள். ஆணியில் வெள்ளை ஹெல்மெட் இருந்தது. சிவப்பு எழுத்தில் உங்கள் பெயரும் இருந்தது. கூடு இல்லை. ஒரு கீறல் இல்லை. பெயின்ட் வாசனை வெளியில் நின்ற எனக்கே அடித்தது. தரையில் கொஞ்சம் வைக்கோல் கிடந்தது. அதை ஓர் அதிகாரி செருப்பால் ஒதுக்கிவிட்டு, ஹெல்மெட்டைப் பையில் போட்டு முத்திரை வைத்தார்.

வாட்ச்மேன் தாத்தாவிடம் கேட்டேன். "சார் அனுப்பினார்னு ஒருத்தன் வந்தான், மூட்டை எண்ணணும்னான், திறந்து விட்டேன். நான் என்னத்தைக் கண்டேன் பாப்பா" என்றார்.

எங்கள் வக்கீலிடம் உண்மையைச் சொன்னேன், நான் உங்களுக்கு எழுதியதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எதிராளிக்கே கடுதாசி போட்டு, சாட்சி எந்த ஆணியில தொங்குது, சாவி யாருகிட்ட இருக்குன்னு சொன்ன ஒரே வக்கீல் நீதாம்மா" என்றார். அப்பா, "விடுங்க சார், குழந்தை" என்றார். நான் குழந்தை இல்லை. அழுதேன், அது வேறு விஷயம். உங்கள் கடைசிக் கடிதத்தை வாரியத்தில் காட்டலாம் என்றார் வக்கீல். அது எனக்கு எழுதியது, தரமாட்டேன் என்றேன். அவருக்கு இன்னும் கோபம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இனி எழுதமாட்டேன் என்று நினைக்காதீர்கள். நடப்பதை எல்லாம் உங்களுக்குத்தான் எழுதுவேன். நீங்கள் சைட்டுக்கு வராமல் இருக்கலாம், என் கடிதம் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்த முடியாது.

மருமகள்.


செப்டம்பர் 23

அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருங்க.

எம்பொண்ணு அழுததை நான் பார்த்தேன். சின்ன வயசுல நான் பயந்தா நீங்க முன்னாடி வந்து நிப்பீங்க. அந்த அண்ணனுக்குத்தான் இதை எழுதறேன். இப்ப எங்க வீட்டுக்காரர் முன்னாடி நிக்கிறார், நான் அவர் பக்கத்துல நிப்பேன். விசாரணை அன்னைக்கு நேர்ல வாங்க. என்னைப் பார்த்துக்கிட்டே 'தன்னிச்சையா எடுத்தான்'னு சொல்லுங்க. உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும்.

தங்கச்சி.


அக்டோபர் 10

அன்புள்ள செல்லத்துக்கு அத்தை எழுதுவது.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? எனக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். இங்கே நல்ல மழை. துணி காயவில்லை. நேற்று பரணைச் சுத்தம் செய்தேன், எப்போதோ செய்திருக்க வேண்டியது.

கூடு விஷயம் படித்து நானும் சிரித்தேன் என்று மாமா உனக்கு எழுதினாராமே, உன் அம்மா போனில் சொன்னாள். உன் கடிதம் எதையும் நான் பார்த்ததில்லை, இந்த வாரம்தான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கம்பி கட்டும் பையனால் இப்போது எழுந்து உட்கார முடிகிறதா?

இன்னொன்று. அந்த ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் ஒரு தையல் இருந்ததா? எந்த நிற நூல் என்று ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். மாமாவுக்கு எழுதும்போது இதைக் குறிப்பிட வேண்டாம்.

அத்தை.


அக்டோபர் 15

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் சுகம். கம்பிக்கார அண்ணன் சக்கர நாற்காலியில் உட்காருகிறார். பட்டையில் இடது பக்கம் நீல நூலில் தையல் இருந்தது, சின்னச் சின்னதாக, நெருக்கமாக. மாத்திரையை மறக்காதீர்கள். விசாரணை அடுத்த மாதம் பதினாறாம் தேதி. சும்மாதான் சொல்கிறேன்.

மருமகள்.


நவம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? நேற்று விசாரணைக்கு வர முடியாத அளவுக்கு வலி என்று உங்கள் வக்கீல் சொன்னார். நீங்கள் வராததால் அங்கே நடந்ததை நானே எழுத வேண்டியிருக்கிறது.

வாரியத் தலைவர் ஓர் அம்மா. உங்கள் வக்கீல் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மேற்பார்வைக்கும் வரல, வரலைன்னு விசாரிக்கக் கூப்பிட்டா அதுக்கும் வரலையா?" என்றார். உங்கள் வக்கீல் குனிந்து காகிதங்களை அடுக்கினார்.

முதலில் ஆய்வாளர். ஹெல்மெட்டைப் பார்த்தேன், ஒப்பந்ததாரர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன் என்றார். "ஹெல்மெட்டுக்குக் கீழ ஆள் இருந்தாரா?" என்று தலைவர் கேட்டார். ஆய்வாளர் தண்ணீர் குடித்தார்.

அப்புறம் அப்பா எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். "ஆய்வாளர்கிட்ட அவர் இப்பத்தான் போனார்னு சொன்னது நான்தாங்க. பொய். முட்டுக் கம்பை எடுத்ததும் நான்தான். இறுகலைன்னு தெரியும், தெரிஞ்சே எடுத்தேன். எடுக்கச் சொன்னவர் சார். வந்து பாருங்கன்னு கெஞ்சினேன், வரல. என் பங்கை நான் ஏத்துக்கிறேன். அவர் பங்கையும் சேர்த்து என்னால தூக்க முடியாதுங்க" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்ததில் இன்னும் வலிக்கிறது.

அதிகாரிகள் பையின் முத்திரையை உடைத்ததும் உங்கள் வக்கீல் அந்தப் புது ஹெல்மெட்டை எடுத்து மேசையில் வைத்து, இதை அணிந்துதான் என் கட்சிக்காரர் மேற்பார்வை செய்தார் என்றார். தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு கான்கிரீட் வேலை பார்த்தாரா? ஒரு பொட்டு சிமென்ட் இல்லையே?"

"என் கட்சிக்காரர் சுத்தத்தில் ரொம்பக் கவனமானவர், அம்மா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கம்பிக்கார அண்ணன்தான்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நீங்கள் இதற்குள் யூகித்திருப்பீர்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உங்கள் வக்கீல் அவசரமாக, "இவங்க சாட்சிப் பட்டியல்ல இல்ல" என்றார்.

"யாரும்மா நீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"அவர் வீட்டுக்காரிங்க."

அத்தை துணிப்பையிலிருந்து பழைய ஹெல்மெட்டை எடுத்தார். கூடு உள்ளே அப்படியே இருந்தது. பையைக் குலுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "இந்தப் பட்டை அறுந்தப்ப நீல நூல்ல தச்சுக் கொடுத்தது நான். எங்க வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. தூக்கி எறின்னார். எனக்குக் கை வரல. அந்த சைட்ல இடியாம நின்னது இந்தக் கூடு ஒண்ணுதானேங்க" என்றார்.

அத்தை உங்களைத் திட்டவில்லை மாமா. உங்களைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டார். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் உத்தரவு சொன்னார்கள். உங்கள் உரிமம் ரத்து. பெயரைப் பலகைக்குக் கொடுத்துவிட்டு ஆள் வராமல் இருந்தது, சாட்சியத்தை மாற்றியது இரண்டுக்கும் வழக்கில் உங்களை முதல் குற்றவாளியாகச் சேர்க்கச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு எழுதுகிறார்கள். ஆய்வாளரையும் விசாரிப்பார்கள். அப்பாவின் பெயரும் வழக்கில் இருக்கிறது, இரண்டாவதாக. அதை அவர் சரி என்றார். நானும் சரி என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அத்தை அந்தப் பெரிய அகராதியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அதை நீங்களே நேரில் கொண்டுவந்து கொடுங்கள். ஆள் மூலம் வேண்டாம், பார்சலிலும் வேண்டாம். வந்தால் வாங்கிக்கொள்வேன். கோபமாகத்தான் வாங்கிக்கொள்வேன். அத்தை கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருக்கிறார், சௌக்கியமாக இருக்கிறார்.

உங்கள் வக்கீலம்மா.

பின்குறிப்பு: ஒன்று விட்டுப்போய்விட்டது. மேசை முழுக்கக் காகிதமாக இருந்ததால் அத்தை கொண்டுவந்த ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று குமாஸ்தா தடுமாறினார். 'உரிமதாரர்' என்று அட்டை வைத்த நாற்காலி காலையிலிருந்து காலியாகவே இருந்தது. அதில் வைத்துவிட்டார். விசாரணை முடியும்வரை உங்கள் இடத்தில் ஹெல்மெட்தான் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் எழுந்து கிளம்பும்போது கம்பிக்கார அண்ணன் சக்கர நாற்காலியை அதன் முன்னால் நிறுத்தச் சொன்னார். கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, "வணக்கம் சார்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவரை நான்தான் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் ஹெல்மெட் இருந்தது. பியூன் ஒவ்வொரு வரிசையாக விளக்குகளை அணைத்தார்.